மஞ்சள் விளக்கில் பச்சைச் சட்டை

எங்கள் டைரக்டருக்கு யூனிட் வைத்திருந்த பெயர் ‘நிஜம்’. அவர் வாயைத் திறந்தால் நாலாவது வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். “நிஜமா இருக்கணும்.” “இதுல நிஜம் எங்கே?” “நிஜத்தோட வாசனையே வரல.” செட்டில் யாராவது தும்மினால்கூடத் திரும்பிப் பார்த்து, அது நிஜத் தும்மல்தானா என்று யோசிப்பவர் அவர். காலில் எப்போதும் தேய்ந்துபோன செருப்பு. புதிதாக வாங்கிய செருப்பை அப்படித் தேய்த்துக் கொடுக்க ஆர்ட் டிபார்ட்மெண்டில் ஓர் ஆள் இருப்பதாகப் பேச்சு. நான் அதை அப்படியே நம்பினேன்.

அந்தப் படத்துக்கு லைட்டிங் சீஃப் நான். இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடம் ‘யார் பெண்ணு இது?’ என்று கேட்டார்கள். அடுத்த ஐந்து வருடம் ‘யார் பெண்டாட்டி?’ என்று கேட்டார்கள். அப்புறம் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்து அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த கேமராமேன்கூட ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

இத்தனை வருடத்தில் நான் போட்ட தெருவிளக்கு அத்தனையும் பொய். கம்பத்தின் உச்சியில் ஒரு டப்பா இருக்கும், அதில் பெயருக்கு ஒன்று மினுங்கும். நிஜ வெளிச்சமெல்லாம் பக்கத்தில் கிரேனில் தொங்கும் பெரிய விளக்கிலிருந்து வரும், அதன் முகத்தில் ஓர் ஆரஞ்சுத் தாளை ஒட்டியிருப்போம். கதாநாயகன் எந்தச் சந்துக்குள் ஓடினாலும் அவன் கன்னத்தைத் தேடிக்கொண்டு ஒரு வெளிச்சம் பின்னாலேயே ஓடும். நிலா வெளிச்சம் என்று நீலத்தை ஊற்றுவோம். எந்த ஊரில் நிலா நீலமாகக் காய்கிறது என்று எந்த டைரக்டரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கேட்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவர் மாநகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் இருக்கிறார். ஏணி வண்டியில் ஏறி, எரியாத விளக்கைக் கழற்றி எரிகிற விளக்கை மாட்டுகிற வேலை. “உன் விளக்குக்கு இதுவரைக்கும் ஒரு கொசு வந்திருக்கா, சொல்லு?” என்பார். வந்ததில்லை என்பதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்தப் படம் ஓர் உண்மைச் சம்பவம். ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு தெருமுனையில் கடிகாரக் கடை வைத்திருந்தவரை, இருட்டிய பிறகு அவர் கடையை அடைத்துவிட்டுப் படியிறங்கும்போது யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். எதிர்வீட்டு இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து அதை ஒருவர் பார்த்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். குத்தியவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான், இடது புருவத்தில் தழும்பு இருந்தது, முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். லாண்டரிக் கடைக்காக அந்தத் தெருவில் வீடு வீடாகத் துணி எடுத்துப் போகிற ஒருவனிடம் பச்சைச் சட்டை இருந்தது, புருவத்தில் தழும்பும் இருந்தது. ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

படம் அவனைப் பற்றியது அல்ல. அஞ்சாமல் சாட்சி சொன்ன தலைமை ஆசிரியரைப் பற்றியது. அவர் இந்த ஏழு வருடத்தில் பெரிய மனிதராகிவிட்டிருந்தார். பள்ளிக்கூட மேடைகளில் பேசினார், டிவியில் பேசினார், தன் கண்களைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். படத்துக்கு ஆலோசகராகத் தினமும் மகன் ஓட்டும் காரில் வந்து இறங்கி, மானிட்டர் பக்கத்தில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்வார். யூனிட் அவருக்கு வைத்த பெயர் ‘கண் சார்’. கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். எங்களுக்கு இன்னும் வேடிக்கையாகப் போய்விட்டது.

முதல் நாள் ஸ்டுடியோ வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கத்தைக் காகிதம். ஜெயிலில் இருப்பவனின் அக்கா. “என் தம்பி அதைச் செய்யல. அவனக் கொலைகாரனாக் காட்டிப் படம் எடுக்காதீங்க” என்று ஒவ்வொரு கார் கண்ணாடியையும் தட்டினாள். நிஜம் சாரின் கார் நிற்கவில்லை. என் வேன் நின்றது, கேட் திறப்பதற்காக நின்றது, அவளுக்காக இல்லை. ஜன்னல் வழியாக ஒரு காகிதம் நீட்டினாள். வாங்கிப் பையில் போட்டேன், படிக்கவில்லை. செக்யூரிட்டி அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனபோது, ‘ஜட்ஜே சொல்லியாச்சு, இவ என்ன புதுசா’ என்றுதான் நானும் நினைத்தேன். இதில் என்னை யோக்கியமாகக் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஸ்டுடியோவின் மிகப் பெரிய கூடத்துக்குள் அந்தத் தெருவை அங்குலம் அங்குலமாக அளந்து கட்டினார்கள். கடிகாரக் கடை, அதன் மூன்று படிகள், எதிரே பால்கனி, சுவர் வெடிப்பு, சாக்கடை மூடி எல்லாம் அதே அளவில். நிஜத் தெருவிலிருந்து பதினாறு மூட்டை தூசியை அள்ளிக்கொண்டு வந்து தரையில் தூவினார்கள். அப்போது நிஜம் சாருக்குக் கண் கலங்கியதைப் பார்த்து உதவி டைரக்டர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அவ்வளவு தூசியில் யாருக்குத்தான் கண் கலங்காது?

என்னைக் கூப்பிட்டார். “மேடம், அன்னிக்கு எரிஞ்ச அதே லைட் வேணும். அதே உயரம், அதே கம்பம். உங்க ஆரஞ்சுப் பேப்பர் வித்தையெல்லாம் என்கிட்ட வேண்டாம்.”

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“அந்தத் தெருவா? அங்க பழைய சோடியம் விளக்குல்ல இருந்துச்சு. நீளக் குழல், அழுக்கு மஞ்சள். ஊரெல்லாம் மாத்தின பிறகும் அந்தப் பக்கம் மட்டும் விட்டு வெச்சிருந்தோம்.”

“இப்ப வெள்ளை விளக்கா இருக்குன்னு சொன்னாங்களே?”

“கொலை நடந்து மூணு வாரத்துல மாத்தினோம். நான்தான் ஏறி மாத்தினேன். தெருக்காரங்க மனு குடுத்தாங்க, இருட்டா இருக்குன்னு. ஒருத்தன் சாகணும் இவங்களுக்கு, ஒரு பல்பு மாத்துறதுக்கு.”

கழித்துப்போட்ட சாமான்கள் கிடங்கிலிருந்து எழுத்துமூலம் அனுமதி வாங்கி, அதே வகையில் இன்னும் உயிரோடு இருந்த ஒரு விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தூக்கும்போது, “குழந்தை மாதிரி பிடி. இந்த மாதிரி குழல் இப்ப செய்யறதே இல்ல” என்றார். எங்கள் குழந்தைகளை அவர் அவ்வளவு பதமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

கொலைக் காட்சியை எடுத்தது காலை பதினொரு மணிக்கு. கூடத்தின் கதவுகளைச் சாத்திக் கறுப்புத் துணி கட்டிவிட்டால் உள்ளே ராத்திரி. வெளியே வெயில் கொளுத்தியது. ஒன்பது மீட்டர் உயரக் கம்பத்தில் விளக்கைப் போட்டேன். முதலில் அடுப்புத் தணல்போலச் சிவந்தது. பத்து நிமிடம் கழித்து மஞ்சளாக முற்றியது. பதினாறு மூட்டை தூசியும் சுவரும் படியும் ஒரே மஞ்சளும் கறுப்புமாகிவிட்டன. முதல் முறையாக ஒரு செட்டில் எனக்குத் தெருவில் நிற்பதுபோல் இருந்தது. என் லைட் பையன்களில் ஒருவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அக்கா, பொணம் மாதிரி இருக்கேன்” என்றான்.

பச்சைச் சட்டை போட்ட நடிகர் வந்து படிக்கட்டருகே நின்றார். மானிட்டர் முன்னால் இருந்த நிஜம் சார் எழுந்துவிட்டார்.

“யாரு சட்டையை மாத்தினது?”

யாரும் மாற்றவில்லை.

“பச்சைன்னு பத்துத் தடவை சொன்னேன். இது என்ன, சேறு மாதிரி?”

காஸ்ட்யூமர் ஓடிவந்து சட்டையைத் தடவிப் பார்த்தார். “சார், இது பச்சைதான் சார்.”

“அப்ப என் கண்ணு அவிஞ்சு போச்சா?”

நடிகரை வெளியே வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சட்டை பச்சைப்பசேலென்று இருந்தது. உள்ளே கூட்டி வந்தார்கள். சேறு. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. மூன்று தடவை அந்த மனிதரை அப்படி நடத்தினார்கள். மொத்தப் படத்திலும் அவருக்கு இருந்த நடிப்பில் அதுதான் அதிகம். கேமராமேன் தன் பங்குக்குக் கேமராவில் நாலு பொத்தானை அழுத்தி, “பார்த்துக்கலாம்” என்றார். அவருக்குத் தெரிந்த வசனம் அது ஒன்றுதான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கேமராவை விடுங்க சார். வெறுங்கண்ணால பாருங்க. இந்த விளக்குல மஞ்சளைத் தவிர வேற கலரே கிடையாது. வெளிச்சத்துல பச்சை இருந்தாத்தான் சட்டையில பச்சை தெரியும். இதுக்குக் கீழ பச்சை, நீலம், சிவப்பு எது வந்து நின்னாலும் இப்படித்தான்.”

“முகம்?”

“முகமும் தெரியாது. விளக்கு உச்சந்தலைக்கு மேல இருக்கு. முடி தெரியும், தோள் தெரியும், மூக்கு நுனி தெரியும். கண்ணு ரெண்டும் குழி. மேல பால்கனியிலேர்ந்து பார்த்தா வெறும் மண்டைதான்.”

எல்லோரும் கண் சாரின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பச்சைதான். நான் பார்த்தேன்” என்றார், வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

நிஜம் சார் தாடையைத் தடவினார். ஏழு வருடமாக ஒருவன் ஜெயிலில் கிடக்கிறானே என்று யோசிக்கிறாராக்கும் என்று நான் ஒரு விநாடி அவரை மதித்துவிட்டேன். அவர் சொன்னார்: “மேடம், முன்னாடியிலேர்ந்து ஒரு வெள்ளை லைட் குடுங்க. எனக்கு முகமும் வேணும், பச்சையும் வேணும்.”

“அன்னிக்கு அங்க அந்த லைட் இல்லையே சார்?”

“சில இடத்துல நிஜத்தைக் கொஞ்சம் தாண்டணும் மேடம்.”

காலடியில் பதினாறு மூட்டை நிஜத்தை மிதித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளை விட்டுவிட்டார்கள்.

இடைவேளையில் நிஜம் சாரும் கேமராமேனும் ஏசி வேனுக்குப் போய்விட்டார்கள். விளக்கை அணைத்தால் மறுபடி எரிய நேரமாகும் என்று அதை எரியவிட்டே நாங்கள் சாப்பிட்டோம். கண் சார் சாப்பிடவில்லை. என் பையன்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பதை அவர் கவனித்துவிட்டார். எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

“உங்களுக்கு லைட்டு தெரியும்மா. எனக்கு ஆள் தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன். எந்த வெளிச்சத்துல யாரை நிறுத்தினாலும் நான் சொல்லிடுவேன்.”

“சொல்லிடுவீங்களா?”

“யாரை வேணா நிறுத்துங்க.”

அவரைப் பால்கனிக்கு அனுப்பினேன். நான் செய்ததில் நல்ல நோக்கம் எதுவும் இல்லை. பல பேர் முன்னால் அவர் மூக்கு உடைய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவர் பால்கனி ஏறுவதற்குள் கம்பத்தடியில் மூன்று பேரை நிறுத்தினேன். ஒருவன் என் லைட்மேன், சிவப்பு டீஷர்ட். இன்னொருவர் காஸ்ட்யூமர், நீலச் சட்டை. மூன்றாவது ஆள் கண் சாரின் மகன். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாத பையன், அப்பாவின் பையைச் சுமந்துகொண்டு ஓரமாக நிற்பான். “ஒரு நிமிஷம் இதைப் போட்டுக்கங்க தம்பி” என்று நடிகரின் பச்சைச் சட்டையை அவனிடம் கொடுத்தேன். விளையாட்டு என்று நினைத்துப் போட்டுக்கொண்டான்.

கண் சார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்து பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி.

“லெஃப்ட்ல நிக்கிறவன் அந்த நடிகன். அவன்தான் பச்சை” என்றார். அது என் லைட்மேன், சிவப்பு.

“நடுவுல?”

“நடுவுல உங்க லைட் பையன். பிரவுன் சட்டை போட்டிருக்கான்.”

நடுவில் நின்றவன் நிமிரவில்லை. கீழே பார்த்தபடியே, “அப்பா” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகவே வந்து கூடியிருந்த என் பையன்கள் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். மகன் பச்சைச் சட்டையைக் கழற்றி, மடித்து, படியில் வைத்துவிட்டு அவனும் போனான்.

நான் பால்கனிக்கு ஏறினேன். கண் சார் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அப்போதும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவருக்கு வியர்த்திருந்தது.

“போலீஸ்காரங்க கேட்டாங்க” என்றார் என்னைப் பார்க்காமல். “‘பச்சைச் சட்டைதானே சார், புருவத்துல தழும்பு இருந்ததில்ல?’ன்னு. அவங்க ஏற்கெனவே ஆளைப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. ஆமான்னேன். ஒருத்தன் ஓடினது நிஜம்மா. அதை நான் பார்த்தேன்.”

“முகத்தை?”

“அதுக்கப்புறம் எத்தனை இடத்துல சொல்லியிருக்கேன் தெரியுமா? இப்ப கண்ணை மூடினாலும் பச்சைதான் தெரியுது. தழும்பு தெரியுது. நான் பொய் சொல்லலம்மா.”

“பொய் சொல்லியிருந்தாலாவது ஒரு நாள் வாபஸ் வாங்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அப்போது அது எனக்குப் பெரிய பேச்சாகத் தெரிந்தது. இரண்டு மணிக்கு நிஜம் சார் வந்தார். நான் முன்பக்கமிருந்து வெள்ளை விளக்கைக் கொடுத்தேன். பச்சை பச்சையாக விழுந்தது. தழும்பு பளிச்சென்று தெரிந்தது. “இதுதான் நிஜம்!” என்று கை தட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தட்டினார்கள். என் கையில் கேபிள் இருந்ததால் நான் மட்டும் தட்டவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வழக்கம்போல ஏதாவது நக்கல் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

“கோர்ட்டுல யாருமே எந்த விளக்குன்னு கேக்கலையா?”

“இடத்தைப் பார்க்க வந்தப்ப வெள்ளை விளக்கு எரிஞ்சிருக்கும். பகல் மாதிரி இருந்திருக்கும். எதுக்குக் கேக்கப் போறாங்க?”

“எங்க ஆபீசுக்கு ஒருத்தனும் வரலையே. வந்து கேட்டிருந்தா ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டியிருப்போமே.” அவருக்கு அது தன் பிரிவையே மதிக்காததுபோல் இருந்தது.

மறுநாள் ஆபீசில் பழைய ஃபைலைத் தேடி எடுத்தார். விளக்கு மாற்றிய தேதி ரெஜிஸ்டரில் இருந்தது, அவருடைய கையெழுத்தோடு. அதோடு தெருக்காரர்களின் மனுவும் இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. ‘எதிரே வருபவர் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாத அளவுக்கு எங்கள் தெரு இருளடைந்து கிடக்கிறது’ என்று எழுதி, கீழே பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருடையது. மனுவை எழுதியவரும் அவரேதான். போலீசிடம் வாக்குமூலம் கொடுத்து ஆறு நாள் கழித்து எழுதியிருக்கிறார். மாணவர்களின் பிழையை முப்பத்தைந்து வருடம் திருத்திய மனிதர்.

என் பையில் கசங்கிக் கிடந்த காகிதத்தை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். அதில் அந்த அக்காவின் முகவரி இருந்தது. கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் ஜெராக்ஸ் கடை. கேஸுக்காக நகல் எடுத்து எடுத்தே பாதிச் சம்பாத்தியம் போகிறது என்று அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, பிறகு கடையையே எடுத்துக்கொண்டவள். நான் சொன்னதை மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“நீங்க அந்த வேன்ல இருந்தவங்கதானே?”

“ஆமா.”

“அன்னிக்குப் படிச்சீங்களா?”

“இல்ல.”

“நான் ஏழு வருஷமா இதைத்தான் சொல்றேன். ‘அந்த வெளிச்சத்துல எப்படிங்க பார்த்திருப்பாரு’ன்னு. எங்க வக்கீலே கேக்கல. இப்ப சினிமாக்காரங்க சொன்னாத்தான் அது வெளிச்சமாக்கும்?”

ஃபைலில் இருந்த மனுவின் நகலை நீட்டினேன். வாங்கி, ஒரு தடவை படித்தாள், இரண்டாம் தடவை படித்தாள். பிறகு அதைக் கண்ணாடியில் குப்புறப் போட்டு மூடி, பத்து நகல் எடுத்தாள். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதிய வக்கீல் ஒருத்தி வந்தாள். மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டாள். நான் சாட்சி சொன்னேன். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், ரெஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். அரசு வக்கீல் அவரிடம், “நீங்க வெளிச்சத்துல நிபுணரா?” என்று கிண்டலாகக் கேட்டார். “இல்லீங்க, நான் விளக்கு மாத்துறவன். உங்க வீட்டுத் தெருவுக்கும் நான்தான்” என்றார். நீதிபதி எதையோ எழுதுவதுபோலக் குனிந்து சிரித்தார். பிறகு அதே பழைய விளக்கை ஓர் இருட்டறையில் ஏற்றச் சொல்லி, நீதிபதியே ஐந்து சட்டைகளைப் பார்த்தார். ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

யாரும் கூப்பிடாமல் வந்தது கண் சாரின் மகன். செட்டில் நடந்ததை அப்படியே சொன்னான். “எதுக்கு உங்க அப்பாவுக்கு எதிரா வந்து நிக்கிறீங்க?” என்று அரசு வக்கீல் கேட்டபோது, “அவருக்கு என்னையே தெரியல சார்” என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கண் சார் கடைசிவரை பச்சை என்றே சொன்னார். மனுவைக் காட்டியபோது அது தன் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார். ‘இருளடைந்து’ என்ற சொல்லை அவர் மிகைக்காகப் பயன்படுத்தினாராம்.

இனி நிஜம் சார். நான் வக்கீலிடம் போனது தெரிந்த அன்றைக்கே என்னைப் படத்திலிருந்து தூக்கிவிட்டார். ‘யூனிட் ரகசியத்தை வெளியே சொன்னவள்’ என்று சங்கத்தில் புகார் கொடுத்தார். நான் ஒன்பது மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். கேமராமேனைக் கூப்பிட்டுக் கேட்டால், “பார்த்துக்கலாம்க்கா” என்றார். தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்த வாரம் நிஜம் சார் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். நிஜத்தைத் தேடிப் பிடிவாதமாக அந்தப் பழைய விளக்கை ஏற்றச் சொன்னது தான்தான், அந்த வெளிச்சத்தில்தான் ஓர் அப்பாவியின் முகம் தனக்குத் தெரிந்தது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கதையை மாற்றி எழுதிவிட்டார்கள். இப்போது கதாநாயகன் ஒரு டைரக்டர். சட்டையின் நிறம் மாறுவதைக் கண்டுபிடிப்பவர் அவர். படத்தில் ஒரு லைட்மேன் உண்டு. குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்து சிரிக்க வைப்பான்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “மேடம், பழசை மறந்துடுவோம். க்ளைமாக்ஸுக்கு நீங்கதான் லைட்டிங் பண்ணணும். உங்களுக்கு டைட்டில்ல நன்றி போடறேன்.”

“அந்தப் பையனைப் போய்ப் பார்த்தீங்களா சார்?”

“எந்தப் பையன்?”

“ஜெயில்ல இருக்கானே.”

“அவரோட உரிமைக்குக் கையெழுத்து வாங்க ஆள் அனுப்பியிருக்கேன்” என்றார் அக்கறையோடு. எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வருடம் படம் வந்து நன்றாக ஓடியது. விருதுகூடக் கிடைத்தது, ஒளிப்பதிவுக்கு.

மறுவிசாரணைக்கு மனுப் போட்டதிலிருந்து பதினொரு மாதத்தில் விடுதலையாகி அவன் வெளியே வந்தான். அன்று ஜெயில் வாசலில் கேமராக்கள் இருந்ததால் நான் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அக்கா கோர்ட்டுக்குள் போயிருந்தாள். கடையில் அவன் மட்டும் இருந்தான். நான் நினைத்ததைவிட ஒல்லி. தழும்பு அவ்வளவு பெரிதில்லை, பக்கத்தில் நின்றால்தான் தெரிகிறது. நான் யாரென்று சொன்னேன். “அக்கா சொன்னாங்க. உக்காருங்க” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான். நன்றி என்று அவன் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கித் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டான்:

“உங்களை ஒண்ணு கேக்கலாமா? டிவிக்காரங்ககிட்ட, வக்கீலம்மாகிட்ட எல்லாம் கேட்டுட்டேன்.”

“கேளுங்க.”

“அந்தக் கடிகாரக் கடைக்காரர் வாராவாரம் நாலு சட்டை போடுவாரு என்கிட்ட. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. அவரைக் குத்தினது யாருங்க?”

எனக்குத் தெரியாது என்றேன். இதுவரை யாரும் தேடவில்லை என்பதையும் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவருடைய மனைவி இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாளாம், போய்ப் பார்க்கலாமா, கதவைத் திறப்பாளா என்று கேட்டான். அதுவும் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் இரண்டு பேர் ஃபைலோடு வந்து நின்றார்கள். எத்தனை காப்பி என்று கேட்டுவிட்டு அவன் மிஷின் பக்கம் திரும்பினான்.